போட்டோ எடுப்பது முதல் போஸ்டர் அடிப்பது வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனையோ பழைய கேமராவையோ வைத்துக்கொண்டு கோயில், திருவிழா, வீட்டு விசேஷம் என்று படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்த படத்தின் மேல் நாலு வரி எழுதி நோட்டீஸோ பேனரோ செய்யவேண்டிய பொறுப்பும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே, கேட்ட மொழியிலேயே. எளியவை மேலே, சிக்கலானவை கீழே.

1. என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. கேமரா வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். பகல் வெளிச்சத்தில், பத்தடிக்குள் இருக்கும் எதையும் இன்றைய போன் நன்றாகவே எடுக்கும். அது தோற்கும் இடங்கள் இரண்டு: இருட்டில் அசையும் ஆள், தூரத்தில் இருக்கும் சின்னப் பொருள். இரவுக் கச்சேரியில் தவில்காரரின் கையும், கோபுரத்து உச்சிக் கலசமும் அடிக்கடி வேண்டுமென்றால் மட்டும் கேமராவைப் பற்றி யோசியுங்கள். திரையில் இரண்டு விரலால் இழுப்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதைவிட நாலடி முன்னே நடப்பது மேல்.

வாங்குவதென்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் (லென்ஸை மாற்றிப் போடக்கூடிய கேமரா) கூடவே வரும் 18-55 மிமீ கிட் லென்ஸும் தொடங்கப் போதும். அடுத்து சேரும் காசைப் புதிய கேமராவில் போடாமல் 50 மிமீ எஃப்/1.8 லென்ஸில் போடுங்கள். எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸ் பெரிதாகத் திறக்கும். கிட் லென்ஸ் 55 மிமீ-யில் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப்/1.8 அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். இரவு சுவாமி புறப்பாட்டில் அந்தப் பத்து மடங்குக்கு ஈடாக எந்தப் புதிய மாடலும் எதையும் தந்துவிடாது.

2. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூணும் சேர்ந்து குழப்புது. எதை முதல்ல தொடணும்?

அப்பர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு, ஷட்டர் என்பது ஒளி உள்ளே விழும் நேரம், ஐஎஸ்ஓ என்பது விழுந்த ஒளியைக் கூட்டிக் காட்டும் அளவு. எதிரே இருப்பது அசைகிறதா என்று முதலில் பாருங்கள். அசைந்தால் ஷட்டரில் தொடங்குங்கள். நடப்பவருக்கு 1/250 நொடி, ஓடும் குழந்தைக்கும் சிலம்பத்துக்கும் 1/500-க்குக் குறையாமல். அசையவில்லை என்றால் அப்பர்ச்சர். ஒரே முகம் என்றால் எஃப்/2 அல்லது 2.8, இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு எஃப்/5.6 முதல் 8, கட்டடத்துக்கு எஃப்/8. ஐஎஸ்ஓ மிச்சத்தை ஈடுகட்டத்தான்: அதை ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பை 3200 அல்லது 6400 என்று கட்டிவிடுங்கள்.

மூன்றும் இரட்டிப்புக் கணக்கில் ஓடுகின்றன. 1/250-லிருந்து 1/500-க்குப் போனால் ஒளி பாதியாகும். ஐஎஸ்ஓவை 400-லிருந்து 800 ஆக்கினால் படத்தின் வெளிச்சம் பழையபடி வந்துவிடும். அப்பர்ச்சரில் 2.8, 4, 5.6, 8, 11 என ஒவ்வொரு படியும் பாதி. இந்த வரிசை மனப்பாடமானால் மேனுவல் மோடு பயம் போய்விடும். அதுவரை ஏ அல்லது ஏவி மோடில் (அப்பர்ச்சர் உங்கள் கையில், ஷட்டர் கேமராவின் கையில்) எடுப்பது ஒன்றும் குறைவில்லை.

3. எடுக்கும்போது நல்லா இருக்கு, பெரிசு பண்ணிப் பாத்தா மங்கலா இருக்கு. ஏன்?

மங்கல் மூன்று வகை. மூன்றுக்கும் மருந்து வேறு. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுத்தாற்போல் இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்னாலிருக்கும் தூண் தெளிவாகவும் ஆள் மட்டும் கலைந்தும் இருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முகம் மங்கி, காதோ பின்னாலிருக்கும் சுவரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு இன்றும் உதவும். லென்ஸ் எத்தனை மிமீயோ அதற்குக் குறையாத வேகம் வேண்டும். சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) சிறியதாக உள்ள கேமராவில் அதை ஒன்றரையால் பெருக்குங்கள். 50 மிமீ என்றால் 1/80. லென்ஸிலேயே ஸ்டெபிலைசர் இருந்தால் இதைவிட மெதுவாகப் போகலாம். ஆனால் அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், எதிரே ஆடுபவரை நிறுத்தாது. ஃபோகஸ் பிசகுக்கு, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அருகிலிருக்கும் கண்ணில் வையுங்கள். போனில் மங்கல் என்றால் இவற்றுக்கெல்லாம் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

4. வெள்ளை வேட்டி எடுத்தா சாம்பல் நிறமா வருது, ராத்திரி எடுத்தா முகம் வெளுத்துப் போகுது. கேமரா கெட்டுப்போச்சா?

கேமரா சரியாகத்தான் வேலை செய்கிறது. எதைக் காட்டினாலும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே அதன் ஒளி அளவுமானியின் வேலை. படத்தின் சட்டம் முழுக்க வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் இருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துக் குறைக்கும். சட்டத்தில் முக்கால்வாசி இரவு வானம் என்றால் 'இருட்டு' என்று நினைத்துக் கூட்டும். தீவட்டி வெளிச்சத்தில் நிற்பவரின் முகம் வெளுத்துவிடும்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தானில் வெள்ளைக்கு +1, இரவுப் பின்னணிக்கு -1 முதல் -1.5, கருங்கல் சிற்பத்துக்கு -0.7 என்று வைத்துத் தொடங்குங்கள். போனில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியன் குறியை மேலோ கீழோ தள்ளுங்கள். கறுத்த முகத்தை வெளுக்க வைப்பதற்கு இந்தப் பொத்தான் இல்லை. கண்ணில் பார்க்கும் நிறமே படத்திலும் வந்தால் அதுதான் சரியான எக்ஸ்போஷர்.

5. கோல்டன் ஹவர்னு சொல்றாங்களே, நம்ம ஊர்ல அது எத்தனை மணி?

மணிக்கணக்கெல்லாம் கிடையாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர்ச்செங்குத்தாக ஏறுகிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது விழும் அந்தப் பொன்னிறம் உதித்து 25, 30 நிமிடத்தில் போய்விடும். ஐரோப்பியர் செய்யும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால் வெயிலைத்தான் பார்ப்பீர்கள். உதயத்துக்குக் கால்மணி முன்பே இடத்தில் நின்றுவிடுங்கள்.

உச்சிவெயிலில் படமே எடுக்கக்கூடாது என்பதும் இல்லை. ஆளைத் திண்ணையிலோ மண்டப விளிம்பிலோ, நிழல் தொடங்கும் இடத்துக்கு ஓரடி உள்ளே, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் பாதி ஸ்டுடியோ கிடைத்தாற்போல. இல்லையென்றால் ஒரு தெர்மோகோல் அட்டையை மார்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். கண்குழி நிழல் போய்விடும்.

6. கோபுரத்தை எடுத்தா பின்னாடி சாயற மாதிரி வருது. நேராக்க முடியுமா?

கேமராவை அண்ணாந்து பிடித்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போய்க் குவியும். மூன்று வழிகள் உண்டு. எதிர்த் தெருவில் எவ்வளவு பின்னால் போக முடியுமோ போய், கேமராவை நிமிர்த்திப் பிடித்து, கீழே வரும் தெருவைப் பிறகு வெட்டலாம். எதிர்வீட்டு மொட்டைமாடி கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டும் முடியாவிட்டால் எடிட்டிங் ஆப்பில் பர்ஸ்பெக்டிவ் கருவி இருக்கிறது. அது ஓரங்களைத் தின்னும் என்பதால் எடுக்கும்போதே நாலு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு எடுங்கள்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. கோபுரம் கட்டப்பட்டதே மேலே போகப்போகக் குறுகும்படி. அதன் வெளிக்கோட்டை நேராக்கப் பார்த்தால் தலை பெருத்த கோபுரம்தான் கிடைக்கும். கீழே கருங்கல் பகுதியில் இருக்கும் அரைத்தூண்களையும் வாசல் நிலையையும் செங்குத்தாக்குங்கள். சுதைப் பகுதி தன் பாட்டில் குறுகட்டும். அதிலும் முழுக்க நேராக்காமல் கொஞ்சம் சாய்வை விட்டுவைத்தால்தான் உயரம் உயரமாகத் தெரியும்.

ஒளிக்கும் கணக்கு இருக்கிறது. கிழக்குக் கோபுரத்துக்குக் காலை, மேற்குக்கு மாலை என்பது எல்லோருக்கும் தெரியும். தெற்குக் கோபுரம்தான் ஏமாற்றும். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 13 நிலை, தெற்குப் பார்த்தது. மே முதல் ஜூலை வரை நம் தலைக்கு வடக்காகவே சூரியன் போவதால் அதன் முன்முகத்தில் நாள் முழுக்க நேர்வெயில் விழாது. மார்கழியில் போனால் காலையும் மாலையும் பக்கவாட்டு ஒளி விழுந்து ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

7. மேடை லைட்டுல எடுத்தா படம் பூரா வரிவரியா கோடு விழுது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்இடியும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் ஒரு பட்டை வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் பதியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்றும் உள்ளே வந்து கோடு மறையும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலும் இதே கணக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 அல்லது 1/125.

2-ஆம் கேள்வியில் சொன்ன 1/500 இங்கே அடிபடும். பரதநாட்டியம் என்றால் அடவின் முடிவில் நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து 1/100-இல் எடுப்பதுதான் வழி. மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) சத்தமில்லா ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். கோடு பெருமளவு குறையும். வண்ண எல்இடி பார் லைட்டுகள் சில தமக்கென்று வேறு வேகத்தில் மினுக்கும். அவற்றை எந்த எண்ணும் முழுதாக அடக்காது.

8. விளக்கு வெளிச்சத்துல எல்லாமே ஆரஞ்சா வருது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் போட்டா அழகு போயிடுது.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: எண்ணெய் விளக்கின் ஒளி சுமார் 2000 கெல்வின், பகல் வெளிச்சம் 5500. அந்த நிறச்சாயலைத் திருத்துவதே ஒயிட் பேலன்ஸ். ஆட்டோ முழுக்கத் திருத்தினால் விளக்கேற்றிய இடம் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும், திருத்தாவிட்டால் முகம் மஞ்சள் பூசியதுபோல் ஆகும். 3000 முதல் 3400-க்குள் கையால் வையுங்கள். சூடும் மிஞ்சும், தோலும் தோலாகத் தெரியும். அகல் வெளிச்சத்தோடு மேலே வெள்ளை எல்இடியும் எரிந்தால் எந்த எண்ணும் உதவாது. ஐந்து நிமிடம் எல்இடியை அணைக்கக் கேளுங்கள். கருவறையில் படம் எடுக்க விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும்.

9. போர்ட்ரெய்ட் மோடு தலையில வச்ச பூவை வெட்டிடுது!

போன் பின்னணியை லென்ஸால் மங்கலாக்கவில்லை, ஆள் எங்கே முடிகிறார் என்று கணித்து மென்பொருளால் மங்கலாக்குகிறது. மல்லிகைச் சரம், ஜிமிக்கி, கலைந்த முடி, மூக்குக்கண்ணாடி விளிம்பு எல்லாம் அதற்குக் குழப்பம். மங்கலின் அளவை நடுவுக்குக் குறையுங்கள். பூவின் நிறத்துக்கு மாறான, கருமையான பின்னணியைத் தேடுங்கள். வெள்ளைச் சுவர் முன் மல்லிகை தப்பாது. ஆளைச் சுவரிலிருந்து பத்தடி முன்னால் கொண்டுவந்து, டெலி லென்ஸ் இருந்தால் அதில் சாதாரண மோடில் எடுத்தாலே ஓரளவு மங்கல் இயல்பாகக் கிடைக்கும்.

10. மூணுல ஒரு பங்கு விதியை எப்பவும் பின்பற்றணுமா?

சட்டத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோட்டில் வைக்கச் சொல்வது அந்த விதி. எப்போதும் தேவையில்லை. நடையில் இருப்பவர், பக்கவாட்டில் பார்ப்பவர் என்றால் அவர் போகும் பக்கம் இடம் விடுவதற்கு அது உதவும். பிரகாரத் தூண்வரிசை, கோலம், நேர்முகமாக நிற்கும் கோபுரம் ஆகியவை சமச்சீருக்காகவே செய்யப்பட்டவை. அவற்றை ஓரத்தில் தள்ளினால் தவறிப்போய் எடுத்ததுபோல் இருக்கும். நடுவில் வையுங்கள், ஆனால் மிகச் சரியாக நடுவில். கோலத்துக்கு நேர் மேலே, போனைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். உங்கள் நிழல் விழாத நேரமாகவும் பாருங்கள்.

விதியைவிடப் பலன் தரும் பழக்கம் ஒன்று: பொத்தானை அமுக்குமுன் சட்டத்தின் நாலு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பாதிச் செருப்பு, யாரோ ஒருவரின் முழங்கை, தலையிலிருந்து முளைக்கும் மின்கம்பம், பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஆகியவை அங்கேதான் இருக்கும். அரை அடி நகர்ந்தால் போய்விடும். பிறகு அழிக்க அரைமணி ஆகும்.

11. ரா ஃபைல்ல எடுக்கணுமா?

ரா என்பது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு, ஜேபெக் என்பது கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம். ஒளி கடினமாக இருக்கும் இடத்தில் ரா வேண்டும். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே வைத்திருக்கும். 14 பிட் ரா 16,384. 4-ஆம், 8-ஆம் கேள்விகளில் வரும் தவறுகளை ராவில் பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆனால் முழுக்க வெளுத்துப்போன இடத்தில் ராவிலும் ஒன்றுமிருக்காது. உட்கார்ந்து எடிட் செய்ய மாட்டீர்கள் என்றால் ஜேபெக்கே போதும்.

12. நோட்டீஸுக்குன்னு படம் எடுக்கறேன். எதைக் கவனிக்கணும்?

எழுத்து உட்காரும் இடத்தை எடுக்கும்போதே விட்டுவிடுங்கள். வானம், வெற்றுச் சுவர், மங்கிய மண்டபத் தரை என்று ஒரே நிறமாக, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேண்டும். அழகான படம் என்று சட்டம் முழுக்க நிரப்பிக்கொண்டு வந்தால் அதன் மேல் எழுதியது எதுவும் படிக்காது. பிறகு எழுத்துக்கு வெள்ளை விளிம்பு, அதற்குச் சிவப்பு விளிம்பு, நிழல் என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டி வரும். அதே காட்சியைக் கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று எடுத்து வையுங்கள். பேனர் கிடை, போன் ஸ்டேட்டஸ் நெடுக்கு.

என்ன விசேஷம், எப்போது, எங்கே ஆகிய மூன்றும் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்தால் நோட்டீஸ் பிழைத்தது. வருகை தரும் பெரியவர்களின் தலைகள் பன்னிரண்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே அளவில், ஒரே வரிசையில், அடியில் வையுங்கள். யார் தலை பெரிது என்ற வழக்கு டிசைனரிடம் வராது.

13. போட்டோஷாப்ல தமிழ் டைப் பண்ணா கொம்பு தள்ளிப் போய் விழுது.

'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் விழுந்தால் உங்கள் மென்பொருள் யூனிகோடு (எல்லா இடத்திலும் ஒரே குறியீடு) தமிழைக் கோக்கத் தெரியாத அமைப்பில் ஓடுகிறது. போட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் விருப்பங்களில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் முந்தைய பதிப்புகளில் அது மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏஷியன் என்ற பெயரில் இருக்கும். மூடித் திறந்து புதிய எழுத்துப் பெட்டியில் தட்டுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர்.

அச்சகத்தில் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் வேலை செய்தால் உங்கள் யூனிகோடு வரிகள் அங்கே அப்படியே ஒட்டாது, மாற்றிதான் போடவேண்டும். மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், குறிப்பாக ஸ்ரீ, ஷ, ஹ வரும் இடங்களை. எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றிப் பிடிஎஃப் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன்பின் பிழைதிருத்த முடியாது, மூலக் கோப்பைத் தனியே வையுங்கள்.

14. எந்த ஃபாண்ட் நல்லா இருக்கும்? ஆங்கில டிசைன் மாதிரி ஏன் வர மாட்டேங்குது?

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் ஆகியவை இலவசம். பல தடிமன்களில் கிடைக்கின்றன. தலைப்புக்குக் குண்டாக வேண்டுமென்றால் பலூ தம்பி. ஒரு நோட்டீஸுக்கு இரண்டு எழுத்துரு போதும். பல சமயம் ஒன்றின் இரண்டு தடிமன்களே போதும்.

ஆங்கில அளவுகளைத் தமிழில் அப்படியே போட்டால் சறுக்கும். தமிழில் 'கீ' மேலே சுழிக்கும், 'கூ' கீழே இறங்கும். மேல்வரியின் கூ அடுத்த வரியின் கீயில் முட்டாமலிருக்க வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.4 முதல் 1.6 மடங்கு வேண்டும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் வேலை வேண்டாம்; 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று எழுத்தை அமுக்குவதும் இழுப்பதும் கூடாது. அளவைக் குறையுங்கள் அல்லது வார்த்தையைக் குறையுங்கள்.

படத்தின் மேல் எழுதும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. மெல்லிய எழுத்துருவில், பின்னால் சீரியல் பல்பு மினுக்கினால் 'பக்தி' 'பகதி' ஆகிவிடும். தடித்த எழுத்து எடுங்கள். விளிம்புக்கோடு போட்டால் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில், எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாமைக்குக் கரையும் அடுக்கு ஒன்றை 50 சதவீதத்தில் வையுங்கள். 12-ஆம் கேள்வியில் சொன்ன காலியிடம் இருந்தால் அதுவும் தேவையில்லை.

15. வாட்ஸ்அப்ல அனுப்பின படத்தை வச்சே பேனர் அடிக்கலாமா?

சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு வந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும். அப்படி அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் கோப்போடு போகும். வீட்டில் எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள்.

கணக்கு எளிது. கையில் பிடித்துப் பார்ப்பதற்கு அங்குலத்துக்கு 300 பிக்சல்: 4x6 படத்துக்கு 1200x1800, ஏ4-க்கு 2480x3508. பேனரைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அவ்வளவு வேண்டாம். 4000x3000 பிக்சல் போன் படத்தை 10 அடி அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 33 பிக்சல். இருபதடி தள்ளி நிற்பவருக்கு அதுவே தாராளம். படம் தாங்கும், ஆனால் எழுத்தையும் கோட்டையும் படத்தோடு சேர்த்து ஜேபெக் ஆக்காதீர்கள். எழுத்து பிடிஎஃபில் வெக்டராகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக) போகட்டும்.

16. லென்ஸுக்குள்ள சிலந்திவலை மாதிரி ஏதோ தெரியுது.

பூஞ்சை. ஈரக்காற்றில், இருட்டில், மாதக்கணக்கில் தோல் உறைக்குள் மூடி வைத்ததன் விளைவு. வெளிப்பரப்பில் இருந்தால் துடைக்கலாம், உள்ளே என்றால் பிரித்துத்தான் சுத்தம் செய்யவேண்டும். பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. பழைய லென்ஸ் வாங்கும்போது போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள்.

தடுப்பது மலிவு. காற்றுப் புகாத சமையலறை டப்பா, ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே இருக்கட்டும். 30-க்குக் கீழே போனால் ரப்பருக்கு ஆகாது. ஜெல் பச்சையானால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அரிசியில் புதைக்க வேண்டாம், தூசும் மாவும்தான் மிஞ்சும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனிக்கும். பையைத் திறக்காமல் அரைமணி விடுங்கள்.

17. திரையில கிளிப்பச்சையா இருந்தது பிரிண்ட்ல பாசி மாதிரி வந்துடுச்சு. அச்சகத்துமேல தப்பா?

பெரும்பாலும் இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால். கண்ணைப் பறிக்கும் பச்சை, மின்னும் நீலம், பட்டுப்புடவையின் ராணிக்கலர் எல்லாம் அந்த நான்கு மைகளுக்கு எட்டாதவை. வடிவமைக்கும்போதே மென்பொருளில் சிஎம்ஒய்கே (அந்த நான்கு மைகளின்) முன்னோட்டத்தைப் போட்டுப் பாருங்கள்; மங்கப்போவது அங்கேயே தெரியும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு வேலை செய்யுங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் தாளில் இருட்டாகத்தான் விழும்.

கறுப்பு எழுத்தை நான்கு மையும் கலந்த கறுப்பாக விடாதீர்கள். தகடு மயிரிழை நகர்ந்தாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று வையுங்கள். ஓரம் வெட்டுவதற்கு நாலு பக்கமும் 3 மிமீ பின்னணியை நீட்டுங்கள், எழுத்தை விளிம்பிலிருந்து குறைந்தது 5 மிமீ உள்ளே தள்ளுங்கள். ஆயிரம் பிரதி அடிப்பதற்கு முன் அதே தாளில் ஒன்றே ஒன்று எடுத்துத் தரச் சொல்லி, கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.